இடிப்பதா, கழற்றிக் கொண்டுபோவதா, அங்கேயே பழுதுபார்ப்பதா? எங்கள் கிராணி வீட்டுக்குப் போட்ட கணக்கு

பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலிலிருந்து கிரியான் ஆற்றுப் பக்கம் போகிற சின்ன ரோட்டில், செம்பனைக் காட்டுக்கு நடுவே எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதற்குள்ளே ஒரு பழைய மரவீடு. தாத்தா மாடு வளர்த்த இடம், அப்பா பிறந்து வளர்ந்த வீடு. அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. அம்மா என்னோடு பட்டர்வெர்த்தில், அண்ணன் கோலாலம்பூரில், தங்கை சுங்கை பட்டாணியில் என்று ஆளுக்கொரு பக்கம் இருப்பதால் வீடு பூட்டியே கிடக்கிறது. கெரானில், அதாவது நிலப்பட்டாவில், எங்கள் மூன்று பேர் பெயரும் இருக்கிறது, ஒருவர் கையெழுத்து இல்லாமல் இன்னொருவர் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது, ஆகவே ஒவ்வொரு தீபாவளிக்கும் சாப்பிட்டு முடித்தவுடன் இதே பேச்சுதான்: இடித்துவிட்டுக் கல்வீடு கட்டுவோமா, மரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுவோமா, பழுதுபார்ப்போமா, இல்லை இன்னும் ஒரு வருடம் பார்ப்போமா. இந்த வருடம் முடிவெடுத்துவிட்டோம். எப்படி அங்கே வந்து சேர்ந்தோம் என்பதை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் செபராங் பிறையிலும் பேராக்கிலும் இதே மாதிரி வீட்டை வைத்துக்கொண்டு இதே மாதிரி முழித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நிறைய இருக்கின்றன.

முதலில் அந்த வீடு எங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் நாங்கள் ஏன் இவ்வளவு யோசித்தோம் என்பது புரியாது.

இந்தத் தென் செபராங் பிறை ஒருகாலத்தில் முழுக்கக் கரும்பு. பத்து கவான் பக்கம் சீனர்கள் முதலில் பயிரிட்டார்கள், 1840களில் வெள்ளைக்காரத் துரைமார் பெரிய பெரிய தோட்டங்களாகப் போட்டார்கள். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் பலர் முதலில் கால் வைத்தது ரப்பர் காட்டில் இல்லை, இந்தக் கரும்புக் காட்டில்தான். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கரும்பும் ஏறத்தாழ அதே காலத்தில் போய், ரப்பரும் தென்னையும் வந்தன, இப்போது செம்பனை. பிறகு சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். எத்தனையோ குடும்பங்கள் வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் இழந்து தெருவுக்கு வந்தன. இதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளர்களிடமே மாதம் 10 வெள்ளி சேர்த்து, தோட்டங்களை வாங்க வைத்தார்.

எங்கள் தாத்தாவுக்கு அந்தச் சமயத்தில் பால்மாடு வியாபாரத்தில் கொஞ்சம் காசு சேர்ந்திருந்தது. துண்டு போட்ட நிலத்தில் மூன்று ஏக்கர் வாங்கினார். அந்தத் துண்டுக்குள் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர், குடியிருந்த வீடும் சேர்ந்து வந்தது. 1930களில் கட்டிய வீடு. சம்பள நாளில் தாத்தா வெயிலில் வரிசையாக நின்று, படிக்குக் கீழே கைநீட்டிக் காசு வாங்கிய வீடு. அதே வீட்டின் அஞ்சடியில் (வராந்தாவில்) பின்னால் அவர் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டி மட்டும் கடைசிவரை முன்படி வழியாக ஏறவே இல்லை, பின்பக்கம் சமையல்கட்டு வழியாகத்தான் வருவார். வீட்டின் சரித்திரம் என்றால் எனக்கு அந்த இரண்டு படிகள்தான்.

வீட்டின் அமைப்பு இப்படி. நான்கடி உயரச் செங்கல் கால்கள் 24, அவற்றின் மேல் செங்கால் என்கிற உறுதியான உள்ளூர் மரத்தில் தூண்களும் உத்திரங்களும், பலகைச் சுவர், சுற்றி மூன்று பக்கம் அஞ்சடி, மேலே ஓட்டுக்கூரை. பின்னால் தரையோடு தரையாகச் செங்கல் சமையல்கட்டு, சுண்ணாம்புப் பூச்சு, இரண்டையும் இணைக்கிற சின்ன நடைக்கூரை. மரம் மரத்தோடு சேருமிடத்தில் இரும்பாணி மிகக் குறைவு. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி மற்றதன் துளையில் சொருகி, குறுக்கே மர ஆணி அடித்திருக்கிறார்கள். ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் ஆங்கில எழுத்தில் ஃபெரோக் என்று அச்சு. கள்ளிக்கோட்டைப் பக்கத்து ஊர். மங்களூரில் 1865இல் ஜெர்மன் பாதிரிமார் தொடங்கிய ஓட்டுத் தொழில் அந்தக் கரை முழுக்கப் பரவியது, அங்கிருந்து கப்பலேறி வந்த ஓடுகள் மலாயாவின் பல கூரைகளில் இன்னும் இருக்கின்றன.

சரி, இனி கணக்குக்கு வருகிறேன்.

அண்ணன் ஆரம்பத்திலிருந்தே இடிக்கும் கட்சி. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அம்மாவுக்கு 77 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன, ஏழு படி ஏறி இறங்க முடியாது. கழிப்பறை பின்னால் தள்ளி இருக்கிறது, ராத்திரியில் நடப்பது ஆபத்து. மரவீட்டுக்குத் தீக்காப்புறுதித் தவணை கல்வீட்டைவிட அதிகம். புதிய கல்வீட்டுக்குக் கடன் கேட்டால் கிடைக்கும், பழைய மரவீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வேண்டும் என்று நாங்கள் போய் நின்ற இடத்தில் உதட்டைப் பிதுக்கினார்கள். 1,200 சதுர அடியில் மூன்று அறைக் கல்வீடு, 2 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்று ஒரு குத்தகையாளர் எழுதிக் கொடுத்தார். "சாவியைக் கையில் வாங்கினால் அப்புறம் இருபது வருடத்துக்குக் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டாம், தங்கச்சி" என்றார் அண்ணன்.

அந்த விலையில் ஒன்று விட்டுப்போயிருந்தது, அது சின்ன விஷயமில்லை. அந்த மண். கடலோரச் சமவெளி, மேலே கறுப்பாக நல்ல மண் மாதிரி தெரியும், கீழே போனால் களிமண், மிதித்தால் அமுங்குகிற கடற்களிமண். செங்கல்லும் காங்கிரீட்டுமாகக் கனமான வீட்டை இதன்மேல் நேரே வைத்தால் ஒரு பக்கம் இறங்கும், சுவர் மூலைக்கு மூலை வெடிக்கும். அதே ரோட்டில் இருக்கும் இரண்டு புது வீடுகளைப் போய்ப் பார்த்தேன், ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி வெடிப்பு ஓடுகிறது. அதனால் கல்வீடு என்றால் முதலில் மண்ணுக்குள் பைலிங் தூண் இறக்க வேண்டும். அதைச் சேர்த்துக் கேட்டபோது விலை 2 லட்சத்து 65 ஆயிரத்துக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் மரத்தில், உயரக் கால் வைத்து, எடை குறைவாகக் கட்டியதற்குக் காரணம் இந்த மண்ணும் வெள்ளமும்தான். வாய்க்கால் நிரம்பி முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நின்ற நாளில்கூட வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை என்று அம்மா சொல்வார். கட்டியவர்களுக்கு இடம் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது வழி, கழற்றுவது. இதில் இரண்டு வகை. ஒன்று விற்பது. பழைய செங்கால் மரத்துக்கு இன்று கிராக்கி, புதிய செங்கால் கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். போன வருடம் ஒருவர் லோரியோடு வந்தார், தூணை விரல்கணுவால் தட்டிப் பார்த்தார், ஒரு தூணுக்கும் அடுத்ததுக்கும் சத்தம் எப்படி மாறுகிறது என்று காதை வைத்துக் கேட்டார், அரைமணி நேரத்தில் ஒரு விலை சொன்னார். நாற்காலி மேசை செய்வதற்கும் தங்கும் விடுதிகளுக்கும் போகுமாம். அந்தப் பணம் புது வீட்டின் தரைக்கு ஓடு பதிக்கக்கூடப் போதாது. எனக்கு அன்று மனசே சரியில்லை, தாத்தா கைநீட்டி நின்ற அந்தத் தூண்கள் யாருடைய சாப்பாட்டு மேசையாகவோ ஆவதை நினைக்க முடியவில்லை.

இன்னொரு வகை, அப்படியே கழற்றி வேறு இடத்தில் எழுப்புவது. இது வெறும் பேச்சில்லை, நம் கண்முன்னே நடந்திருக்கிறது. கோலாலம்பூரில் ஜாலான் ஸ்டோனரில், மலேசியப் பாரம்பரிய அறக்கட்டளையான பாடான் வாரிசான் வளாகத்தில் நிற்கும் பெங்குலு (ஊர்த்தலைவர்) அபு செமான் வீடு, கெடாவின் பண்டார் பாருவில் இருந்தது. எங்கள் தோப்பிலிருந்து அது தூரமே இல்லை. சிதிலமாகிக்கொண்டிருந்த அந்த வீட்டை 1990களில் வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, தலைநகருக்குக் கொண்டுபோய்த் திரும்ப நிறுத்தினார்கள். பள்ளி விடுமுறையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மரம் அழகாக இருக்கிறது, ஜன்னல் செதுக்கு வேலை ஒன்றுகூடக் கெடவில்லை, அதைக் காப்பாற்றியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அம்மா படியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "சுத்தி வயல் இல்லையேம்மா" என்றார். சுற்றிலும் மாடிக் கட்டடங்கள்.

மலாய்க் கம்பத்து (கிராமத்து) வீடுகள் பிரித்துச் சேர்க்கத் தோதாகவே கட்டப்பட்டவை, மகனுக்குக் கல்யாணமானால் வீட்டைத் தூக்கிக் கொண்டுபோய் வைத்த கதைகள் உண்டு. எங்கள் வீடு பாதிதான் அப்படி. மரப்பகுதி வரும், செங்கல் சமையல்கட்டு வராது. பழைய ஓடுகளை இறக்கும்போதும் ஏற்றும்போதும் உடைவது உடைந்ததுதான். அண்ணன் காஜாங் பக்கம் வாங்கிய நிலத்துக்குக் கொண்டுபோகலாம் என்று நிஜமாகவே யோசித்தார், ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, படம் வரைந்து, லோரிக் கூலி, அங்கே நகராண்மைக் கழகத்தில் புதுப் பிளான் அனுமதி, புதுக் கால்கள் என்று கூட்டிப் பார்த்தபோது புது வீட்டின் விலையைத் தாண்டியது. என் கருத்து இதுதான்: நிலமே கையைவிட்டுப் போகிறது, சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் கழற்றிக் கொண்டுபோவதுதான் சரி, தயங்கவே வேண்டாம். இரண்டாவது பாலம் 2014இல் திறந்ததிலிருந்து பத்து கவான் பக்கம் நிலம் எப்படி மாறியது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் நிலம் உங்களிடமே இருக்கும்போது வீட்டை மட்டும் தூக்கிப்போவது, மரத்தைக் காப்பாற்றும், இடத்தைக் காப்பாற்றாது.

மூன்றாவது வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. யாரும் இதை ஒரு வழியாகச் சொல்வதில்லை, ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் எடுக்கிற முடிவு இதுதான், நாங்களும் நான்கு வருடம் எடுத்தோம். செலவில்லை, சண்டையில்லை. இதன் பலனைப் பார்க்க நாங்கள் தூரம் போக வேண்டியதில்லை, நிபோங் திபால் பக்கம் செம்பனைக் காட்டுக்குள்ளே ராம்ஸ்டன் குடும்பத்தின் பழைய கரும்புத் தோட்டத்து மாளிகை நிற்கிறது, 99 கதவு பங்களா என்று ஊரெல்லாம் சொல்வது. பேய்க்கதை கேட்கத்தான் ஆட்கள் அங்கே போகிறார்கள். நான் போனபோது பேயைப் பார்க்கவில்லை, கூரை போன இடத்தில் மழைத்தண்ணீர் சுவரை எப்படித் தின்றிருக்கிறது என்பதைப் பார்த்தேன். அவ்வளவு தடித்த சுவர். தண்ணீருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நான்காவது, அங்கேயே வைத்துப் பழுதுபார்ப்பது. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஒரே முடிவு இல்லை, இதற்குள்ளே பத்து முடிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் தவறாக எடுக்க முடியும்.

நாங்கள் முதலில் செய்தது, பழைய மரவீடுகளில் வேலை செய்து பழகிய மலாய்த் தச்சர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டியது. அறுபது வயதைத் தாண்டியவர். கையில் ஒரு ஸ்குரூ டிரைவர் மட்டும் வைத்திருந்தார். வீட்டுக்கு அடியில் குனிந்து போய், ஒவ்வொரு தூணும் செங்கல் காலின்மேல் உட்காரும் இடத்தில் அதைக் குத்திப் பார்த்தார். பதினேழு தூண்களில் முனை ஏறவே இல்லை, கல்லில் குத்துகிற மாதிரி திரும்பி வந்தது. ஏழு தூண்களில் சதக்கென்று இரண்டு அங்குலம் இறங்கியது. வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார். அந்த ஏழும் மேலே ஓடு உடைந்த இடத்துக்கும் தண்ணீர்க்குழாய் ஒழுகிய இடத்துக்கும் நேர் கீழே இருந்தவை. "சிக்கு (டீச்சர்), மரத்துக்கு வயசாகவில்லை. கூரைக்குத்தான் காய்ச்சல்" என்றார். அதுவரை வீடே இற்றுப்போய்விட்டது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். தூணின் இற்ற அடியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, புது மரத்தைச் சாய்வாகச் செதுக்கி ஒட்டுப் போட்டுப் பூட்டினால் போதும், முழுத் தூணை மாற்ற வேண்டாம் என்றார். மரவீட்டின் பெரிய நன்மை இதுதான், கெட்ட துண்டை மட்டும் எடுத்துவிட்டு நல்லதை விட்டுவைக்கலாம்.

பழைய கட்டடங்களைப் பேணுகிறவர்கள் மதிக்கும் பர்ரா சாசனம் என்று ஒன்று ஆஸ்திரேலியாவில் 1979இல் எழுதப்பட்டது. தேவைப்படுகிற அளவுக்குச் செய், அதற்குமேல் முடிந்தவரை குறைவாக மாற்று என்பது அதன் சாரம். அந்தத் தச்சர் அதைப் படித்திருக்க மாட்டார், செய்ததென்னவோ அதைத்தான்.

கூரையில் மூன்று வழி இருந்தது: பழைய ஓட்டையே இறக்கித் திரும்பப் போடுவது, தகரம், புது காங்கிரீட் ஓடு. எல்லோரும் சொல்வது தகரம். மலிவு, ஒரு வாரத்தில் வேலை முடியும், ஒழுகாது. பழைய ஓடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிலோ, தகரம் 5 கிலோ அளவில்தான், அதனால் வீட்டுக்குப் பாரம் குறையும் என்றும் சொல்வார்கள். பாரம் குறைவதில் ஒரு சிக்கல் உண்டு. மரவீடு தன் கூரையின் கனத்தால்தான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. விடியற்காலையில் கடல் பக்கமிருந்து அடிக்கும் சுமத்ராக் காற்றையும், ஏப்ரல் மே மாதத்து மாலைப் புயலையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள், சரியாகக் கட்டாத தகரத்தைத் தாள் மாதிரி உரித்துக்கொண்டு போகும். தகரம் போடுவதென்றால் கைமரத்தைத் தூணோடு இரும்புப் பட்டை வைத்துக் கட்டியாக வேண்டும். அப்புறம் சூடு, மதியம் அதன் அடியில் உட்கார முடியாது. மழை பெய்தால் பக்கத்தில் பேசுவது காதில் விழாது. காங்கிரீட் ஓடு பழைய ஓட்டைவிடக் கனம், எங்கள் கைமரங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

ஆகவே பழைய ஓடுதான். ஏறத்தாழ 3,000 ஓடு இருக்கிறது, உடைந்தது 340. ஓடு கெடவில்லை, அதைத் தாங்கும் ரீப்பர் சட்டம்தான் பல இடங்களில் போயிருக்கிறது. எல்லாவற்றையும் இறக்கி, பாசியைத் தேய்த்து, ரீப்பரை மாற்றி, அதன்மேல் தண்ணீர் இறங்காத விரிப்பு ஒன்று போட்டு, திரும்ப அடுக்க வேண்டும். நாள் பிடிக்கும் வேலை. ஆனால் இன்னும் ஒரு தலைமுறை ஓடும். உங்கள் வீட்டில் ஓட்டுக்குப் பதிலாக 1960, 70களில் போட்ட நெளிநெளியான சாம்பல் நிற அட்டை இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம், தயவுசெய்து நீங்களே ஏறி உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, தெரிந்த ஆளை வைத்து எடுங்கள்.

சுவரைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. 1998இல் அப்பா சமையல்கட்டுச் சுவர் உதிர்கிறது என்று ஒரு ஆளை வைத்து, பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்டு பூசினார். பத்து வருடம் பளபளவென்று இருந்தது. இப்போது போய்க் கைவைத்தால் சிமெண்டு தட்டுத் தட்டாகக் கழன்று வருகிறது, பின்னாலேயே செங்கல் பொடி கொட்டுகிறது, விரலால் செங்கல்லைத் தோண்டலாம். காரணம் எளிது. இந்த ஊர் மண்ணில் எப்போதும் ஈரம். பழைய செங்கல் மென்மையானது, கடற்பஞ்சு மாதிரி கீழிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, அதோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து, செங்கல்லை உள்ளிருந்து உடைக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தது உண்மைதான், அது உதிர்ந்து செங்கல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சில வருடத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பப் பூச வேண்டும், அவ்வளவே. அப்பாவுக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.

அதனால் சிமெண்டு முழுவதையும் எடுத்துவிட்டு, ஒரு மழையில்லாக் காலம் சுவரைக் காயவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்று மூன்று தடவை பூசப்போகிறோம். ஒரு பூச்சுக்கும் அடுத்ததுக்கும் இடையே பொறுமை வேண்டும், சுண்ணாம்பு சிமெண்டு மாதிரி ஒரே ராத்திரியில் இறுகாது, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத் திரும்பக் கல்லாகும். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த பூச்சைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், எங்களுக்கு அந்த அளவு வேண்டாம். பினாங்கில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம்: ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபிறகு பழைய கடைவீடுகளுக்குச் சுண்ணாம்பு வேலை தேவைப்பட்டதால், அது தெரிந்த கொத்தனார்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். லெய்த் ஸ்திரீட்டின் நீல மாளிகைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், நீலம் கலந்த சுண்ணாம்பு எப்படி இருக்கும் என்று தெரியும்.

மரத்தில் பெரிய தேர்வு இல்லை. தூண் அடிக்கு செங்கால், கிடைக்காவிட்டால் பாலாவ். மெராந்தி மலிவாகக் கிடைக்கும், சுவர்ப் பலகைக்குச் சரி, ஈரம் படும் இடத்தில் வைத்தால் கரையானுக்கு விருந்து. இடித்த வீடுகளிலிருந்து வந்த பழைய செங்காலைத் தேடி வாங்குகிறோம், அது முன்பே காய்ந்து சுருங்கி முடித்த மரம், புதுசைவிட நல்லது. கரையான் சமையல்கட்டு வாசற்படியில் இருக்கிறது. மருந்து அடித்தால் கண்ணுக்குத் தெரிந்தது சாகும், புற்று சாகாது, அதனால் இரை வைக்கும் முறையில் போகிறோம்.

விலை எங்கள் வீட்டுக்கு இப்படி வந்தது: கூரை, தூண், சுவர், மின்கம்பி எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 70 ஆயிரம். அம்மாவுக்காகப் பின்னால் தரைமட்டத்தில் ஒரு அறையும் கழிப்பறையும், 65 ஆயிரம். மொத்தம் 2 லட்சத்து 35 ஆயிரம். பைலிங்கோடு சேர்ந்த புது வீட்டைவிட 30 ஆயிரம் குறைவு, பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். வேறு ஒரு வித்தியாசம் முக்கியம்: புது வீட்டை பாதியில் நிறுத்த முடியாது, பழுது வேலையை வருடத்துக்கு ஒரு பகுதியாகச் செய்யலாம். கடன் கிடைக்காத எங்களுக்கு அதுதான் வழி. ஆனால் ஒழுங்கு மாறக் கூடாது. முதலில் கூரை, அப்புறம் தூண், அப்புறம் சுவர், பெயிண்ட் கடைசி. பலர் பெயிண்டில் ஆரம்பிக்கிறார்கள்.

புது அறையைப் பழைய வீட்டோடு ஒட்டிக் கட்டப்போவதில்லை. இரண்டும் வேறு வேறு கனம், மண் இரண்டையும் ஒரே அளவில் இறக்காது, ஒட்டினால் ஒன்று மற்றதை இழுத்து வெடிக்க வைக்கும். நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி விட்டு, மேலே கூரை மட்டும் தொங்கும்.

அண்ணன் சம்மதித்தது விலையைப் பார்த்து இல்லை. "யார் குடியிருப்பது? ஆள் இல்லாத வீட்டுக்குச் செலவு செய்வது காட்டுக்கு விளக்கு வைக்கிற மாதிரி" என்று கேட்டார். அது சரியான கேள்வி, எல்லாக் குடும்பமும் இதை முதலில் கேட்க வேண்டும், நாங்கள்தான் கடைசியில் கேட்டோம். அடுப்பெரிந்து, ஜன்னல் திறந்து, ஒழுகினால் அன்றே பார்க்க ஆள் இருந்தால்தான் மரவீடு நிற்கும். எனக்கு இன்னும் இரண்டு வருடத்தில் பள்ளி ஓய்வு, அம்மாவோடு அங்கேயே போய்விடுகிறேன் என்று சொன்னேன். தங்கை வீட்டுக்காரர் தோப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அண்ணன் தலையாட்டினார். அப்படிப் போக எங்கள் மூன்று பேரில் ஒருவரும் இல்லையென்றால் நானே கழற்றிக் கொடுத்துவிடச் சொல்லியிருப்பேன். அதேபோல் அந்த ஸ்குரூ டிரைவர் தூணில் மட்டும் இல்லாமல் மேல் உத்திரங்களிலும் இறங்கியிருந்தால், இடிப்பதைத் தவிர வேறு பேச்சு இருந்திருக்காது.

மழை குறையும் ஜனவரியில் ஓடு இறக்குகிறோம். அம்மா முன்படிக்குப் பக்கத்தில் கைப்பிடியோடு ஒரு சாய்வுத்தளம் கேட்டிருக்கிறார், பின்வழி வேண்டாமாம். உடைந்த 340க்குப் பதிலாக இதுவரை 120 பழைய ஓடு கிடைத்திருக்கிறது. பழைய கடைவீடோ தோட்ட வீடோ இடிக்கிற இடத்தில் ஃபெரோக் அச்சுப் போட்ட ஓட்டைப் பார்த்தீர்களானால், லோரியில் அள்ளிப்போட விடாமல் கொஞ்சம் நிறுத்திவைத்துச் சொல்லுங்கள்.